எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் கருத்தடை: மூன்று நாய்கள், இரண்டு பூனைகள்

கடந்த ஓராண்டில் எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்கு ஐந்து பிராணிகளைக் கருத்தடைக்காகக் கொண்டுபோயிருக்கிறேன். வீட்டு நாய் கருப்பி, கோவில் வாசலில் கிடக்கும் ஒரு பெட்டை, அதே கோவிலைச் சுற்றித் திரியும் ஓர் ஆண் நாய், வீட்டில் வளரும் பூனைகள் இரண்டு. மருத்துவமனை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிற்றூரின் பெரிய சாலையில், ஒரு பக்கம் டயர்க் கடையும் மறுபக்கம் அடகுக் கடையும் இருக்க, நடுவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அது இயங்குகிறது. டாக்டர் ஒருவர், உதவியாளர்கள் இருவர், அவ்வளவுதான். குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

முகப்பில் 'கெம்பிரி' என்ற மலாய்ச் சொல்தான் பெரிதாக எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தமிழர்களும் அதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள், "கெம்பிரி பண்ணியாச்சா?" என்று கேட்டால் ஆண், பெண் இரண்டுக்கும் பொருந்தும். ஆண் விலங்கைக் காயடிப்பது மாட்டுவண்டி ஓடிய காலத்திலேயே நம்மவர்களுக்குத் தெரிந்த தொழில் என்பதால் அதில் யாருக்கும் தயக்கமில்லை. பெட்டையின் வயிற்றைத் திறந்து கருப்பையை எடுப்பது என்றால்தான் "பாவம், ஒரு ஈற்றாவது ஈனட்டுமே" என்ற பேச்சு எழுகிறது.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நானும் கருப்பியை இரண்டு முறை ஈனவிட்டேன். இரண்டு ஈற்றிலும் சேர்த்து 11 குட்டிகள். அவற்றில் ஆண் குட்டிகள் 4. நான்கையும் வீடு தேடி வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். பெட்டைக் குட்டிகளை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு, கண் திறந்து ஓடத் தொடங்கிய சில வாரங்களில் தோட்டத்துச் சாலையில் லோரியில் அடிபட்டன. மீதி ஐந்தையும் மைலோ அட்டைப்பெட்டியில் போட்டு, மூடியில் கத்தரிக்கோலால் துளை குத்தி, சந்தைக்குப் பின்னால் மீன்காரர்கள் தண்ணீர் ஊற்றும் இடத்தில் வைத்துவிட்டு வந்தது நான்தான். ஊரில் தெருநாய் பெருகிவிட்டது என்று முறையிடும் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவளும் நானே.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்தபோது சாமி படமும் அம்மிக்கல்லும்கூட வண்டியேறின. நாய்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. லயத்து நாய் யார் வீட்டுச் சங்கிலியிலும் கட்டுப்பட்டதில்லை. பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் காவலாக வாசலில் கிடக்கும், நான்கு வீட்டுச் சோற்றையும் தின்னும். அப்படி விடப்பட்டவையும் அவற்றின் குட்டிகளும்தான் இன்றைக்குச் சாலையோர ஒட்டுக்கடைகளின் பின்புறம் திரிகின்றன. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டபோது, அவ்வாண்டு செப்டம்பரில் பினாங்கு மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரிலும் நாய் பிடிக்கும் வண்டி அவ்வப்போது வருகிறது. வந்துபோன சில மாதங்களில் எண்ணிக்கை பழையபடி ஆகிவிடுகிறது. சோறு கிடைக்கும் இடம் அப்படியே இருக்க, பிடிபடாத பெட்டைகள் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வந்து, சினையான 63 நாள்கள் வாக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்க, வேறு எப்படி ஆகும்?

இனி மருத்துவமனையைப் பற்றி. முதலில் கட்டணம். எனக்குப் போட்ட பில்லின்படி கடுவன் பூனைக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), பெட்டைப் பூனைக்கு 180, ஆண் நாய்க்கு 250. பெட்டை நாய்க்கு எடையைப் பொறுத்து விலை, 14 கிலோ இருந்த கருப்பிக்கு 350. உரிமையாளர் இல்லாத பிராணி என்று சொன்னால் 50 வெள்ளி குறைக்கிறார்கள். எந்தச் சான்றும் கேட்பதில்லை. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புக்குத் தனியாக 15 வெள்ளி வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அறுவைக்குப் பின் அது கட்டாயம் வேண்டும் என்றால் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளி ஆன 2025க்குப் பிறகும், 350 வெள்ளி என்பது தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆகவே இது மலிவான சேவை என்று நான் எழுதமாட்டேன். ஈப்போவில் விசாரித்தபோது இதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள் என்பதையும், அங்கே போய்வரும் பெட்ரோலையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் நியாயமான விலை எனலாம்.

முதல் முறை கருப்பியைக் கொண்டுபோனபோது அறுவை நடக்கவில்லை. முந்திய இரவு பத்து மணிக்கு மேல் உணவு தரக்கூடாது என்று ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அந்தச் சீட்டை நான் படித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கே எழும் என் மாமியாருக்கு அந்தச் சீட்டு இருப்பதே தெரியாது. மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் தமிழ்ப் பெண், "அக்கா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டபோது, "பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலம்மா" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் எடைக் கருவியில் ஏற்றி மயக்க ஊசிக்கு முன்னான ஊசியைப் போட்டதும், கருப்பி கால்களை அகட்டி நின்று, கெட்டியான கஞ்சியைத் தேங்காய்த் துருவலோடு தரையில் கக்கினாள். வெளியே வந்த டாக்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு இன்றைக்கு முடியாது என்றார். அரை நாளை வீணாக்கிய எங்களை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிர் போகும் என்பதைத் தம் தொண்டையைத் தொட்டுக் காட்டி விளக்கினார். வீடு திரும்பி மாமியாரிடம் கேட்டபோது, "வெறும் வயித்தோடயா அறுக்க விடுவாங்க? அதான் கஞ்சி ஊத்தினேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தப்பு என்னுடையது பாதி, அந்தச் சீட்டினுடையது பாதி.

நாய்க்குச் சோறு போடுபவர் வேறு, மருத்துவமனைக்குத் தூக்கி வருபவர் வேறு என்பது எங்களைப் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு உள்ள நிலைமை. சோறு போடுபவர் பெரும்பாலும் மலாய் படிக்கத் தெரியாத பாட்டியாகவோ மாமியாராகவோ இருப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்களாக இருக்கும் ஓர் இடத்தில் தமிழில் நான்கு வரி இல்லாதது பெரிய குறை. நானே எழுதிக் கொடுத்தேன். உடனே நகல் எடுத்து முகப்பில் ஒட்டிவிட்டார்கள்; தலைப்பில் ஓர் ஒற்று விட்டுப்போனதைப் பிறகுதான் பார்த்தேன், ஒவ்வொரு முறை போகும்போதும் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அடுத்த வாரம் அறுவை நடந்தது. அறுவை அறையின் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள், வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள்; பார்த்தேன். கருப்பியை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு கால்களையும் துணிப்பட்டையால் மேசையின் மூலைகளில் கட்டியிருந்தார்கள். மயக்க வாயு செல்லும் குழாய் வாய்க்குள் இருந்தது; நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டு அதில் நாடித்துடிப்பு காட்டும் கவ்வி ஒன்றை மாட்டியிருந்தார்கள். கண் உலர்ந்துவிடாதிருக்க ஏதோ களிம்பு பளபளத்தது. மழித்து மருந்து பூசிய வயிற்றில் மூன்று விரற்கடை அளவுதான் கீறல். அதன் வழியே டாக்டர் கொக்கி போன்ற கருவியால் இழுத்து வெளியே எடுத்த கருப்பை, பையன்கள் குருவி அடிக்கும் லாஸ்டிக்கின் கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்து, இரு முனையிலும் மொச்சைக் கொட்டை அளவில் சினைப்பைகளோடு இருந்தது. ஒவ்வொரு முனையிலும் இரத்தக் குழாயை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கி, வெட்டிய பிறகு உடனே விட்டுவிடாமல், சொட்டு வருகிறதா என்று சில நொடிகள் பிடித்துப் பார்த்தார். உள்ளே தானாகக் கரையும் நூல், வெளியே பத்தாம் நாள் பிரிக்க வேண்டிய நூல். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் மருத்துவம் படித்தவள் அல்லள் என்றாலும், அவசரமில்லாமல் வேலை செய்யும் கையை அடையாளம் காண மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

அதைவிட எனக்கு நம்பிக்கை தந்தது பிறகு நடந்தது. மயக்கம் தெளியும்போது நாய் நடுங்கும், காரணமில்லாமல் முனகும். வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துண்டில் சுற்றி இரு பக்கமும் வைத்து, உதவியாளப் பெண் தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தொடையில் வைத்திருந்தார். தானாக எழுந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் வரை வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று சொல்லி, ஐந்து மணிக்கு வரச் சொன்னவர்கள் ஆறேகால் வரை வைத்திருந்தார்கள்.

அன்றிரவு ஒரு சங்கடம். பதினோரு மணிக்குத் தையலின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. சீட்டில் இருந்த எண்ணுக்கு ஏழு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. காலை எட்டரைக்கு அவர்களே கூப்பிட்டு, முதல் நாளில் சற்றுக் கசிவது இயல்பு, சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்தாலோ ஈறு வெளுத்தாலோதான் பயப்பட வேண்டும் என்றார்கள். இதை முதல் நாள் மாலையே ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் நால்வரும் விடிய விடிய டார்ச் விளக்கோடு நாயின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம். ஒரே டாக்டர் இரவிலும் விழித்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் இரவில் எடுக்காத எண்ணை 'அவசரத்துக்கு' என்று அச்சடிக்கக் கூடாது. கூம்பும் சரியில்லை, கதவு நிலையிலெல்லாம் இடித்து மூன்றாம் நாள் பிளந்துவிட்டது. பழைய பனியனின் கைத்துளைகளில் பின்னங்கால்களை நுழைத்து முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டோம், அது நன்றாகவே வேலை செய்தது.

ஈற்றைப் பற்றிய பேச்சை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். ஒரு முறை ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும், ஒவ்வொரு பருவம் தள்ளும்போதும் அந்தப் பயன் குறைந்துகொண்டே போகும் என்றார். வயதான பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாவதும் கருப்பை எடுத்தவற்றுக்கு வராது. கருப்பி அந்த முதல் பயனைப் பெரிதும் இழந்துவிட்டாள் என்பதை அவர் மறைக்கவில்லை.

பூனைகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ரம்புத்தான் கூடையில் வைத்து ராஃபியா கயிற்றால் கட்டி எடுத்துப் போனேன். கடுவனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தையலும் இல்லை. பெட்டை அப்போதுதான் குட்டிகளுக்குப் பால் மறக்கவைத்துக்கொண்டிருந்தது. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும் என்று அங்கே சொன்னதால் தள்ளிப்போடவில்லை.

கோவில் நாய்களின் கதை வேறு. பெட்டையைப் பட்டினி போடுவதற்கே முந்திய இரவு கோவில் சாமான் அறையில் அடைத்துவைக்க வேண்டியிருந்தது. அறுவை முடிந்ததும் அதன் காதில் சிறிதாக ஒரு வெட்டு அடையாளம் வைத்துவிட்டார்கள். நாளைக்கு வேறு யாராவது பிடித்து வந்தால் வயிற்றை இரண்டாம் முறை திறந்து பார்க்காமல் இருக்க இது உதவும். ஆண் நாயைக் கொண்டுபோனபோது, காயடிப்பதற்கு முன் பார்த்த டாக்டர் அதன் குறியில் பூக்கோசு போன்ற ஒரு கட்டி இரத்தம் கசிந்துகொண்டிருப்பதைக் காட்டினார். இணையும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டியாம், தெருநாய்களில் சாதாரணமாகக் காண்பது. வாரம் ஓர் ஊசியாக நான்கு வாரம் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை ஏற்றினார்கள். ஊசிக்கு 70 வெள்ளி, கோவில் நிர்வாகத்தார் உண்டியலைத் தொடாமல் தங்களுக்குள் வசூலித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் ஊசியிலேயே கட்டி வற்றிச் சுருங்கியது. அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று பிறகு அறிந்தேன். அந்த நாய் வழக்கமாகப் படுத்துக் கிடப்பது கோவில் மதிலோரத்து நித்தியகல்யாணிப் பாத்தியில்தான்.

கட்டி ஆறிய பிறகு அதையும் காயடித்தார்கள். வேலையில் குறையில்லை. ஆனால் காயடித்த பின்னும் சில வாரங்களுக்கு ஆண் நாயால் சினைப்படுத்த முடியும், அதுவரை பெட்டைகளிடமிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்பதை, அதை வண்டியில் ஏற்றிய பிறகுதான் சொன்னார்கள். கோவிலைச் சுற்றித் திரியும் நாயை எங்கே பிரித்துவைப்பது? முன்பே தெரிந்திருந்தால் சாமான் அறைக்கு மாற்றாக ஓர் இடம் பார்த்திருப்போம். பூசாரி ஐயா தம் வீட்டுக் கோழிக்கூட்டைக் காலி செய்து கொடுத்து உதவினார்.

இந்த மருத்துவமனை மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் காரியம் நேரம். அறுவைக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டும். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் விட்டுவிட்டு மாலையில் வந்து எடுக்க வேண்டும். பத்தாம் நாள் தையல் பிரிக்க மறுபடி ஒரு காலை. பொழுது விடிந்ததும் குலை வெட்டப் போகிறவருக்கு இது இரண்டு நாள் கூலி. அதோடு 14 கிலோ நாயை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது, வாடகைக் கார்க்காரர்கள் நாயை ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் சிறிய லோரியை, தோட்டத்துக்குப் போகும் வழியில் திருப்பிக் கொண்டுவந்ததால்தான் எங்கள் மூன்று நாய்களும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் தம்பி இல்லாத வீடுகள்தான் எங்கள் தெருவில் அதிகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுவை வைத்தால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். உதவியாளர்களுக்கும் அன்றுதான் ஓய்வு என்றார், யோசிக்கிறேன் என்றும் சொன்னார்.

தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு: அறுவைக்காக இந்த மருத்துவமனையைத் தாராளமாக நம்பலாம், என் ஐந்து பிராணிகளுக்கும் புண் சீழ் பிடிக்கவில்லை. முன்பதிவுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கூம்பை அங்கே வாங்காமல் பனியனைப் பயன்படுத்துங்கள். இரவில் அந்த எண்ணை நம்ப வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, எது இயல்பு, எது ஆபத்து என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவிலில் இன்னும் இரண்டு பெட்டைகள் இருக்கின்றன, ஒன்று பருவத்துக்கு வரும் வயது. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்குப் பெயர் கொடுத்து, லோரித் தம்பியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். முந்திய நாள் இரவுப் பூசை முடிந்ததும் அவற்றுக்குப் பொங்கல் வைக்க வேண்டாம் என்று பூசாரி ஐயாவிடமும், மறுநாள் விடியலில் கஞ்சியோடு கோவில் பக்கம் போக வேண்டாம் என்று மாமியாரிடமும் இப்போதே சொல்லியாகிவிட்டது.